பல்வலி நின்றதும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்

என் கழுத்தில், வலது தாடைக்குக் கீழே, இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. பார்க்கிறவர்கள் தைராய்டு ஆபரேஷனா என்று கேட்கிறார்கள். சொத்தைப் பல் என்று சொன்னால் நம்புவதில்லை. பல்லுக்காக ஒருத்தி ஐ.சி.யு.வில் மூன்று நாள் கிடப்பாள் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாமே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பல தடவை நினைத்தேன். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடிவதற்கு முன்பே கடையில் இருக்க வேண்டும். மார்கழி, தை பனியில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறிவிடும். தை பிறந்தால் முகூர்த்தம் வரிசைகட்டி வரும். அந்த இரண்டு மாதத்தில் லீவு கேட்கவே மனசு வராது. வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. அம்மா உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில், முழங்கால் வலியோடு. வீட்டில் எதையும் யோசித்து முடிவெடுக்க நான் ஒருத்திதான்.

மார்கழி தொடக்கத்தில் வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. ஞானப்பல்லுக்கு முந்தைய பல். இரண்டு வருஷம் முன்பு சிமெண்ட் அடைத்தது, பாதி உதிர்ந்து குழியாகிக் கிடந்தது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். மூன்றாம் நாள் இரவு தலையே வெடித்துவிடும்போல் இருந்தது. தெரு முனை மெடிக்கலில் வலி மாத்திரையும், அஸித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மூன்று மாத்திரையும் வாங்கினேன். குறைந்த மாதிரி இருந்தது. பத்து நாளில் திரும்ப வந்தது, திரும்ப அதே மாத்திரை. பிறகு பல் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ‘வேர் வரைக்கும் போயிருச்சும்மா, ரூட் கேனால் பண்ணணும். அஞ்சாயிரம் ஆகும், கேப் தனியா நாலாயிரம். மூணு தடவை வரணும்’ என்றார். தை முகூர்த்தம் முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒன்பதாயிரத்தைத் தள்ளிப்போட்டதற்கு நான் கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம் வலி தானாகவே நின்றுவிட்டது. சில்லென்று தண்ணீர் குடித்தாலும் கூசவில்லை. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாமிக்கு ஒரு முழம் பூ கூடுதலாகப் போட்டேன். உண்மையில் அந்த நாளில்தான் ஆபத்து தொடங்கியிருக்கிறது. பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாயும் செத்துப்போனால் வலி நின்றுவிடும். ரத்தம் போகாத இடத்துக்கு ஆக்சிஜனும் போகாது, மருந்தும் போகாது, கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களும் போகாது. காற்றில்லாமல் வாழும் கிருமிகளுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. இதை எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் பின்னால் விளக்கினார். சொத்தைப் பல் வலித்து, வைத்தியம் எதுவும் செய்யாமலே வலி நின்றால் அது குணமானதாக அர்த்தமில்லை. அந்த வாரமே பல் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம் வந்தது நாற்றம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இதை மறைத்தால் எழுதுவதில் பயனில்லை. காலையில் எழுந்தால் வாயில் அழுகின மாதிரி ஒரு சுவை. நாள் முழுக்க மல்லிகை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், என் வாயிலிருந்து வருவது எனக்கே தெரிகிறது. சிட்டை வாங்க வருகிறவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினேன். பஸ்ஸில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். ஏலக்காய் மென்றேன், வாய் கொப்பளிக்கும் மருந்துக்கு மட்டும் முந்நூறு ரூபாய்க்கு மேல் செலவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம்கூட. அந்த நாற்றம் ஒரு நோய்க்குறி என்று எனக்குத் தெரியாது. காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகள் சதையைச் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்களும், அழுகல் வாடையுள்ள அமிலங்களும் உண்டாகின்றன. சீழ், புண், சளி எதுவாக இருந்தாலும் அழுகல் நாற்றம் அடித்தால் டாக்டர்கள் முதலில் நினைப்பது இந்தக் கிருமிகளைத்தான். நாற்றம் இல்லை என்பதால் அவை இல்லை என்று சொல்லிவிடவும் முடியாதாம். ஆனால் இருந்தால், வெட்கப்படாமல் ‘ஒரு மாதிரி அழுகின வாடை வருது டாக்டர்’ என்று அந்த வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.

தை மூன்றாம் வாரம், திங்கட்கிழமை காலை தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவு வீக்கம். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன், அதுவும் செய்யக் கூடாததாம். மாலையில் எலுமிச்சை அளவு ஆனது. வாயைத் திறக்க முடியவில்லை, இட்லியை விண்டு விண்டு உள்ளே தள்ள வேண்டியிருந்தது. காய்ச்சல் 101. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் காட்டினேன். ஈறு ஓரத்தில் கசிந்ததைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து லேபுக்கு அனுப்பினார்கள். காலையும் மாலையும் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி போட்டார்கள். புதன்கிழமை ரிசல்ட் வந்தது. வாயில் எல்லோருக்கும் இருக்கிற சாதாரணக் கிருமிகள்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வீக்கம் மட்டும் இடது பக்கத்துக்கும் பரவிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஜென்டாமைசின் நல்ல மருந்துதான், வேறு கிருமிகளுக்கு. அது கிருமிக்குள் நுழைவதற்கே ஆக்சிஜனைப் பயன்படுத்தும் ஏற்பாடு தேவை. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமியிடம் அது பலிக்காது. பஞ்சுக் குச்சி பரிசோதனையும் அப்படித்தான். வாயின் மேற்பரப்பில் இருப்பதைத்தான் அது காட்டும். காற்றுப் பட்டாலே சாகிற கிருமிகள் பஞ்சில் காய்ந்து, லேபுக்குப் போகும் முன்பே செத்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. ‘சாதாரணக் கிருமி’ என்ற வார்த்தையைக் கேட்டு நான் நிம்மதியானேன். என்னைக் கொல்லப் பார்த்ததும் வாயில் வழக்கமாகக் குடியிருக்கும் கிருமிகள்தான். பல் இடுக்கிலும் ஈறு ஓரத்திலும் காற்றில் வாழும் கிருமிகளைவிடக் காற்றில்லாமல் வாழும் இவை பல மடங்கு அதிகமாக இருக்கின்றன, குடலில் இன்னும் அதிகம். இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்வரை தொல்லை இல்லை. வேலி தாண்டி சதைக்குள் போனால்தான் வினை.

புதன் இரவு படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது, உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு அண்ணத்தில் இடித்தது. மகளைக் கூப்பிட்டேன், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுகிற மாதிரி குரல் வந்தது. அவள் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘அம்மா, கட்டை மாதிரி இருக்கும்மா’ என்று அழ ஆரம்பித்தாள். விடியட்டும், காலையில் போகலாம் என்றேன். அவள்தான் கேட்காமல் 108-க்குப் போன் செய்தாள். கீழ்வீட்டு அக்காவை எழுப்பியதும் அவள்தான். விடியும்வரை இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இதை நிதானமாகப் படியுங்கள். பல்வலியோ தாடை வீக்கமோ இருப்பவருக்கு வாய் இரண்டு விரல்கூடத் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தூக்குகிறது, குரல் மாறுகிறது, வீக்கம் கழுத்தின் இரண்டு பக்கத்துக்கும் பரவிக் கல்லாக இறுகுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இருந்தால், அதற்குப் பிறகு அது பல் பிரச்சினை இல்லை. மூச்சுக்குழாய் அடைபடப் போகிறது. இதில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் திறக்கும் நேரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். இரவு பகல் பார்க்காமல் அவசரப் பிரிவும் மயக்க மருந்து டாக்டரும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் ஊரில் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இருக்கிறது. நான் அந்தப் பதற்றத்தில் யோசிக்காமல் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அங்கே முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். 342. எனக்குச் சர்க்கரை இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். மூன்று மாதச் சராசரி பார்க்கிற ஹெச்.பி.ஏ.1.சி. 11.2. ஒரு மாதமாக ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போனதையும், தாகத்தையும் வேலை அசதி என்று நினைத்திருந்தேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் வெள்ளை அணுக்கள் சரியாகச் சண்டை போடாது. பல் தொற்று கழுத்துக்கு இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் பல் இருக்கும் இடம். கீழ்த் தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர் நுனி, வாயின் அடித்தளத் தசை எலும்பில் ஒட்டும் கோட்டுக்கும் கீழே இருக்கிறது. அங்கே சீழ் எலும்பைத் துளைத்தால் வாய்க்குள் வராமல் நேராகக் கழுத்துப் பக்கம் இறங்கிவிடும்.

இந்த நோய்க்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்து எழுதியது. ஆஞ்சைனா என்றதும் போனில் எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சுவலி என்று நினைத்துப் பதறிவிட்டார். இது இதயம் சம்பந்தப்பட்டது இல்லை, குரல்வளை நெரிபடுவதைக் குறிக்கும் பழைய சொல். கிருமிக்கொல்லி மருந்துகள் வராத காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைக்க மாட்டார்களாம்.

மயக்க டாக்டர் என்னிடம் ஒரு பேப்பரைக் காட்டினார். ‘மூக்கு வழியா டியூப் போடப் பார்க்கிறோம்மா. போகலேன்னா கழுத்துல ஓட்டை போட்டுத்தான் மூச்சு விட வைக்கணும். கையெழுத்துப் போட வீட்டு ஆள் யாராவது இருக்காங்களா?’ மகளுக்குப் பதினைந்து வயது. நானே போட்டேன். கை நடுங்கியது. பக்கத்தில் பெரியவர்கள் என்று ஒருவரும் இல்லாமல் அந்தக் கோட்டின் மேல் பெயரை எழுதியபோது இருந்த பயம், பின்னால் கழுத்தைக் கிழித்த வலியைவிடப் பெரிது. முழு மயக்கம் கொடுத்தால் தொண்டை மூடிவிடும் என்பதால், மரத்துப்போகும் மருந்தை மட்டும் அடித்து, விழித்திருக்கும்போதே கேமரா வைத்த குழாயை மூக்கு வழியாக இறக்கினார்கள். நல்லவேளையாக அது போய்விட்டது.

அப்புறம் நடந்ததை ஆபரேஷன் தியேட்டரில் இருந்த சிஸ்டர் சொன்னார். கழுத்தைத் திறந்ததும் கெட்டியான சீழ் வரவில்லை. பழுப்பு நிறத்தில் தண்ணீர்போல வந்தது, தியேட்டர் முழுக்க நாறியதாம். அந்த வாடையை வைத்தே சர்ஜன் மருந்தை முடிவு செய்துவிட்டார். திறப்பதற்கு முன்பே வெளித்தோலைச் சுத்தம் செய்து, ஊசி குத்தி உள்ளிருந்ததைச் சிரிஞ்சில் உறிஞ்சி, அதிலிருந்த காற்றை வெளியேற்றி, மூடி போட்டு உடனே லேபுக்கு அனுப்பியிருக்கிறார். லேபில் அதைச் சத்துள்ள தட்டில் தேய்த்து, ஆக்சிஜன் இல்லாத ஜாடியில் வைத்து வளர்ப்பார்களாம், இதைத்தான் கல்ச்சர் என்கிறார்கள். 48 மணி நேரமாவது திறக்கக் கூடாது. மெதுவாக வளரும் கிருமிகள் என்பதால் முழு ரிசல்ட் வர ஐந்தாறு நாள் ஆகும். எனக்கு ஐந்தாம் நாள் வந்தது: பிரெவோடெல்லா, பெப்டோஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற காற்றில்லாக் கிருமிகள், கூடவே காற்றில் வாழக்கூடிய ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இவை சேர்ந்துதான் வேலை செய்கின்றன. காற்றில் வாழ்வது இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் தின்றுவிட்டு மற்றவற்றுக்கு இடம் பண்ணிக்கொடுக்கிறது. சீழ் எடுக்கும்போது ‘காற்றில்லாக் கிருமிக்கும் சேர்த்துக் கல்ச்சர் அனுப்புறீங்களா டாக்டர்?’ என்று கேட்டுவிடுங்கள். எல்லா லேபும் அதைச் செய்வதில்லை. ரிசல்ட் வரும்வரை மருந்துக்குக் காத்திருக்கவும் தேவையில்லை, அனுமானத்தில் தொடங்கிவிடுவார்கள்.

எனக்குக் கொடுத்தது மெட்ரோனிடசோலும் இன்னொரு கிருமிக்கொல்லியும், இரண்டுமே நரம்பு வழியாக. மெட்ரோனிடசோல் முதலில் வேறொரு ஒட்டுண்ணி நோய்க்காக வந்த மருந்தாம். 1962-ல் லண்டனில் அதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு ஈறு அழுகலும் சேர்ந்து குணமானதைப் பார்த்துத்தான் காற்றில்லாக் கிருமிகளுக்கும் அது கேட்கும் என்று கண்டுகொண்டார்கள். ஈறு நோயில் தொடங்கிய கதை என்பதால் எனக்கு அது மறக்கவில்லை. அந்த மருந்து போகும்போது வாயில் இரும்பு நக்கின மாதிரி இருக்கும், சிறுநீர் கருத்துப் போகலாம், அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். அதோடு மது தொடவே கூடாது. ஆனால் இதைப் படித்துவிட்டு அந்த மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். கூட்டத்தில் பாதிக் கிருமியைத்தான் அது கொல்லும். அதோடு, அடைபட்ட சீழுக்குள் எந்த மாத்திரையும் சரியாகப் போய்ச் சேராது. சீழை வெளியேற்ற வேண்டும், மூலமான பல்லுக்கு வழி பண்ண வேண்டும். மார்கழி முழுக்க நான் செய்தது அந்த இரண்டையும் விட்டுவிட்டு மாத்திரை தின்றதுதான்.

ஐ.சி.யு.வில் மூன்று நாள், வார்டில் ஆறு நாள். கழுத்தில் சொருகிய ரப்பர் வழியாக அந்தத் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. தினமும் இரண்டு தடவை டிரெஸ்ஸிங். முதல் நாலு நாள் அந்த வாடை போகவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்துவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பேச முடியாது, நோட்டில் எழுதிக் காட்டுவேன். ராத்திரியில் யாருமே இல்லாமல், மகள் என்ன சாப்பிட்டாளோ, அரசுத் தேர்வு நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று சத்தம் வராமல் அழுவேன். கீழ்வீட்டு அக்கா அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

பணக் கணக்கு: ஆஸ்பத்திரி பில் 1,64,000. வெளியில் வாங்கிய மருந்தும் ஸ்கேனும் 19,000. 34 நாள் சம்பளம் போனது. வீட்டுக்காரர் 60,000 அனுப்பினார், மீதிக்கு என் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைத்தேன், இன்னும் மீட்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு எழுதிக்கொடுக்கும்படி இரண்டு வருஷத்துக்கு முன்பே ரேஷன் கடையில் ஒருவர் சொன்னார், அலையச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டும் ஆதாரும் இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். நோய் வந்த ராத்திரியில் அதற்கு ஓட முடியாது. நான் வீடு திரும்பியதும் வி.ஏ.ஓ.விடம்தான் முதலில் போனேன்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. ஐஸ் குச்சிகளை அடுக்கி, கடைவாயில் வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போகச் சொன்னார்கள். கண்ணில் தண்ணீர் வரும், விடாமல் செய்ய வேண்டும். விட்டால் தாடை அப்படியே இறுகிவிடும் என்றார்கள். இன்சுலின் இரண்டு மாதம் போட்டேன், இப்போது மாத்திரைக்கு மாறிவிட்டேன். கடைசியாகப் பார்த்த ஹெச்.பி.ஏ.1.சி. 7.1. மீதிப் பற்களையும் காட்டினேன், மேலே ஒன்றில் சொத்தை தொடங்கியிருந்தது, 1,200 ரூபாயில் அடைத்துவிட்டார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தாடையோரம் ஒரு ரூபாய் நாணய அளவு இடம் மட்டும் இன்னும் மரத்துக் கிடக்கிறது. வாய் இப்போது மூன்று விரல் திறக்கிறது, பதினெட்டுக் குச்சி.